ஓடி முடித்த நாயும் நாமும்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநில வாக்காளர்கள் 2018 நவம்பரில் நாய்ப் பந்தயத்தைத் தடைசெய்ய வாக்களித்தனர்; 2020 இறுதியில் அங்கே ஓட்டம் நின்றது. பந்தயம் ஒழிந்ததோடு நம் பொறுப்பும் தீர்ந்ததாக எண்ணுதல் பிழை.

கொட்டிலிலேயே வளர்ந்த கிரேஹவுண்டுக்கு மாடிப்படி, கண்ணாடிக் கதவு, தனித்துறங்கும் இரவு எல்லாமே புதிது. படியேற அஞ்சினால் மந்தம் என்கிறோம். உறக்கத்தில் தொட்டதும் உறுமினால் முரடு என்கிறோம். ஓடுவதைத் தவிர வேறெதையும் அதற்குக் கற்பிக்காதவர்கள் நாமல்லவா?

சில நாய்கள் கண் திறந்தபடியே உறங்கும். ஆகவே தொடுமுன் பெயர் சொல்லி அழைப்போம். இயந்திர முயலைத் துரத்திப் பழகியது பூனையைக் கண்டாலும் பாயும். வேலியற்ற வெளியில் வாரை அவிழ்க்காதிருப்போம்.

அது வீட்டைக் கற்க மாதங்கள் ஆகலாம். அந்தக் காத்திருப்பைக் கருணை என்று பெருமைப்பட வேண்டாம். அதன் ஓட்டத்தின்மேல் பணம் கட்டிய மனித இனத்தின் கடன் அது.