முன்பனி இல்லா ஊரில் மீனுக்கு வெந்நீரா?



'ஒரு லிட்டர் நீருக்கு ஒரு வாட்' என்றொரு சூத்திரம் மீன் வளர்ப்போரிடையே வேதவாக்காக உலவி வருகிறது. இருபது லிட்டர் தொட்டி வாங்கியவரும் இதை நம்பி வெப்பமூட்டி தேடுகிறார். 'பெரியதாக இருந்தால் நல்லதுதானே' என்று நூறு வாட் கருவியைச் சுமந்து வருவோரும் உளர். இப்பழக்கம் வாயில்லா உயிர்க்குக் கேடு என்பதே என் வாதம்.

அச்சூத்திரம் குளிர்நாட்டு வீடுகளுக்கு உரியது. நமக்கோ முன்பனியும் பின்பனியும் வகுப்பில் பெரும்பொழுது நடத்தும்போது மட்டுமே வருவன! சிங்கையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 19 பாகை செல்சியஸ்தான். அதுவும் 1989 பிப்ரவரியில். வழக்கமான இரவுகளில் 23 பாகைக்குக் கீழ் இறங்குவது அரிது. கப்பிக்கும் நியான் டெட்ராவுக்கும் அதுவே போதும்.

உண்மையான பகை வெம்மையே. 2023 மே 13 அன்று ஆங் மோ கியோவில் 37 பாகை பதிவாயிற்று. நீர் சூடேற ஏற, அதில் கரைந்துள்ள உயிர்வளி குறையும். மூச்சுக்குத் திணறும் மீனுக்கு வெப்பமூட்டி எதற்கு?

'எங்கள் அறையில் இரவெல்லாம் குளிரூட்டி ஓடுகிறதே' என்பீர்கள். நியாயமான கேள்வி. முதல் விடை, தொட்டியைக் கூடத்திற்கு மாற்றுங்கள். இயலாதெனில், அல்லது 28 பாகைக்கு மேல் விரும்பும் டிஸ்கஸ் மீன் வளர்ப்பின், வெப்பமூட்டி தேவைதான்.

ஆயினும் அளவறிந்து வாங்குக. தானியங்கி விசை பழுதாகி, அணையாமல் எரிந்தால் என்னாகும்? இருபது லிட்டர் நீரை நூறு வாட் கருவி மணிக்கு ஏறத்தாழ நான்கு பாகை வீதம் சூடாக்கும். நீங்கள் விழிக்குமுன் மீன் வெந்திருக்கும். இருபத்தைந்து வாட் கருவியோ மணிக்கு ஒரு பாகைதான் ஏற்றும். அதிலும் ஒரு பகுதி அறைக்குளிரில் கரைந்துவிடும். சிறு தொட்டிக்குச் சிறு கருவியே காவல். வெப்பநிலையை நாமே திருத்தி வைக்கும் வகையாக அது இருக்கட்டும். நீர் மாற்றுமுன் மின்னிணைப்பைத் துண்டிக்க மறவாதீர்.

எதற்கும் முன்பாக, சில வெள்ளிக்கு ஒரு வெப்பமானி வாங்குங்கள். ஒரு வாரம் விடியலிலும் பிற்பகலிலும் அளந்து எழுதி வையுங்கள். அந்த எண்களைப் பார்த்த பிறகும் வெப்பமூட்டி வேண்டுமென்று தோன்றினால் வாங்குங்கள். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட வாசகத்தை நம்பி வாங்காதீர்கள்.