பழைய ஓவர்லாக் மிஷின் மேல் பழி போடாதீர்கள்!

எங்கள் படூர் பக்கம் வீட்டிலேயே சுடிதார், ஜாக்கெட் தைத்துச் சம்பாதிக்கும் அக்காக்களைக் கேட்டுப் பாருங்கள். ஓவர்லாக் மிஷினில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது என்று ரிப்பேருக்குப் போனால் அடிக்கடி கிடைக்கும் தீர்ப்பு: "இது பழசும்மா, தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிடுங்க."

என்னைக் கேட்டால் இது சுத்தப் போங்கு. பல நேரம் மிஷின் நன்றாகத்தான் இருக்கிறது. நூல் கோத்த வரிசைதான் தப்பு.

சாதாரண தையல் மிஷினில் மேலே ஒரு நூல், பாபினில் ஒரு நூல். ஓவர்லாக்கில் ஊசி நூலோடு மேல் லூப்பர், கீழ் லூப்பர் என்று மூன்று, நான்கு நூல்கள். பெரும்பாலான வீட்டு மிஷின்களில் முதலில் மேல் லூப்பர், அடுத்து கீழ் லூப்பர், கடைசியாகத்தான் ஊசி. கீழ் லூப்பர் நூல் அறுந்தது என்று வையுங்கள். அதை மட்டும் கோத்து ஓட்டினால் நாலு தையலில் மறுபடி அறும். ஏன்? ஏற்கெனவே கீழே இறங்கிய ஊசி நூல் லூப்பர் மேல் கிடக்கிறது, புது நூல் அதில் சிக்குகிறது. ஊசி நூலை உருவிவிட்டு, லூப்பரைக் கோத்து, கடைசியில் ஊசியைக் கோத்தால் தீர்ந்தது. செலவு? ஐந்து நிமிஷம்!

அடுத்தது டென்ஷன். தையல் தொளதொளவென்று விழுந்தால் உடனே டயலைத் திருகுகிறோம். நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்ததா என்று பார்ப்பதில்லை. டயலை 0-வில் வைத்துக் கோத்துவிட்டு, பழைய எண்ணுக்குத் திருப்பி நூலை இழுத்துப் பாருங்கள். கையில் பிடிப்பு தெரிய வேண்டும். கூடவே நூல் ஸ்டாண்டை முழுசாக உயர்த்துங்கள், ஊசியை மாற்றுங்கள்.

இவ்வளவுதானா என்றால், இவ்வளவேதான் பல நேரம். அப்புறம் ஏன் யாருக்கும் தெரியவில்லை? நூல் மாற்றும்போது பழைய நூலோடு புது நூலை முடிச்சுப் போட்டு இழுத்துவிடுவதுதான் வழக்கம். வேலை சட்டென்று முடியும், சரி. ஆனால் காலி மிஷினில் நூல் எந்த வழியாகப் போகிறது என்பதைக் கடைசிவரை கற்கவே மாட்டோம். மூடிக்குள் ஒட்டியிருந்த கலர் படமும் கிழிந்து போயிருக்கும்.

நான் படிப்பது பி.காம். தேய்மானத்தில் குறைந்துசெல் மதிப்பு முறை என்று ஒன்று உண்டு. 10,000 ரூபாய் மிஷினுக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் கழித்தால் பத்து வருடத்தில் ஏட்டில் நிற்பது சுமார் 1,969 ரூபாய். ஏடு அப்படிச் சொல்லட்டும். பார்த்துக்கொண்ட மிஷின் இன்றும் அதே ஓரத்தை அடிக்கும். ஓவர்லாக் தையல் அமெரிக்காவின் மெரோ கம்பெனியில் 1881-ல் பிறந்தது. ஊசி நூலும் லூப்பர் நூலும் துணி ஓரத்தில் பின்னிக்கொள்ளும் அடிப்படை இன்றைய புது மாடலிலும் மாறவில்லை.

மழுங்கிய கத்தி, லூப்பர் டைமிங் என்று நிஜமான கோளாறுகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எல்லா நூலையும் உருவி முதலிலிருந்து கோத்துப் பார்க்காமல் "மிஷின் போச்சு" என்பது, நாடி பிடிக்காமலே ஆபரேஷன் என்பது மாதிரி.

மத்திய அரசு 2022-ல் 'பழுது நீக்கும் உரிமை' பற்றிக் குழு அமைத்தது, அதே டிசம்பரில் அதற்கென இணையதளமும் திறந்தது. நல்ல விஷயம். ஆனால் நூல் கோக்கும் படம்கூட கையில் இல்லாதவருக்கு உரிமை இருந்து என்ன பயன்? மிஷின் விற்பவர் தமிழில் அந்தப் படத்தைக் கொடுக்க வேண்டும். தையல் வகுப்புகள் காலி மிஷினிலிருந்து கோக்கக் கற்றுத்தர வேண்டும். அதுவரை, அக்காக்களே, யாராவது "புதுசு வாங்குங்க" என்றால் அவர் கையிலேயே நூலைக் கொடுத்து, "முதல்ல கோத்துக் காட்டுங்க அண்ணே" என்று கேளுங்கள்!