கழற்ற முடியாத சங்கிலி நமக்கு எதற்கு?

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள். டீச்சரைத் திட்டத் தோன்றினால் கமெண்டிலேயே திட்டுங்கள். தனியாக மெசேஜ் போட வேண்டாம்.

போன மாதம் என் தங்கையின் பேத்தி பெங்களூரிலிருந்து விடுமுறைக்குச் செஞ்சிக்கு வந்திருந்தாள். திண்டிவனம் ரோட்டில் ஸ்கூட்டியோடு சறுக்கி விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் மணிக்கட்டு புஸ்ஸென்று வீங்கிவிட்டது. கையில் நூல் மாதிரி ஒரு தங்கச் சங்கிலி. "அதைக் கழட்டுங்கம்மா" என்றார் நர்ஸ். நானும் கொக்கியைத் தேடித் தேடிப் பார்க்கிறேன், கொக்கியே இல்லை! "அது கழட்ட வராது பெரியாயா, வெல்டிங் பண்ணது" என்கிறாள் வலியோடு. சங்கிலி சதைக்குள் பதிந்துகொண்டே போகிறது. கடைசியில் நர்ஸ் கத்தரியை உள்ளே விட்டு வெட்டி எடுத்தார்.

எலும்பில் கீறல் என்று டாக்டர் சொன்னபோது அழாத பிள்ளை, சங்கிலியை வெட்டியதும் தேம்பித் தேம்பி அழுதாள். அதே மாதிரி இன்னொன்று அவள் தோழி கையில் இருக்கிறதாம். தோழி ஜெர்மனிக்குப் படிக்கப் போவதற்கு முன் இருவரும் சேர்ந்து போட்டுக்கொண்டது. "அவ கோவிச்சுப்பாளா பெரியாயா?" என்று கேட்டாளே ஒரு கேள்வி, அதுதான் என்னை இதை எழுத வைக்கிறது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இதற்குப் 'பெர்மனென்ட் ஜுவல்லரி' என்று பெயர். கையில் சங்கிலியை அளவு பார்த்து, இரண்டு முனைகளையும் ஒரு சின்ன வளையத்தால் சேர்த்து, தோல் சுடாமல் இருக்க இடையில் ஒரு துண்டுத் தோலை வைத்து, கண்ணை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளச் சொல்லி, ஒரு பொறியில் பற்றவைத்துவிடுகிறார்கள். நியூயார்க்கின் புரூக்ளினில் கேட்பேர்ட் என்ற நகைக்கடை 2017 வாக்கில் இதைப் பிரபலமாக்கியது. இப்போது நம் ஊர்ப் பெண்களும் ரீல்ஸ் பார்த்து வரிசையில் நிற்கிறார்கள்.

பற்றவைப்பது நமக்குப் புதிதா? நம் பத்தர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொடி வைத்து ஊதிப் பற்றவைத்தவர்கள்தான். ஆனால் அது பட்டறையில் நடந்தது. போட்டிருப்பவள் உடம்பில் வைத்து வாயை அடைத்துவிடும் வழக்கம் நம்மிடம் இல்லை. தோட்டுக்கும் மூக்குத்திக்கும் திருகாணி, சங்கிலிக்குக் கொக்கி, அட்டிகைக்குப் பின்னால் கழுத்துக்குத் தக்கபடி இழுத்துக் கட்டக் கயிறு. மெட்டியின் அடியைப் பாருங்கள், வளையம் மூடாமல் வாய் விட்டே இருக்கும். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்கினால் கொஞ்சம் அகட்டிவிடலாம். வளைகாப்பு வளையல்கூடப் பிரசவத்தோடு கழற்றி மருத்துவச்சிக்குக் கொடுக்கத்தான். இதைவிட நிரந்தரம் வேறில்லை என்று நாம் சொல்லும் தாலியே முடிச்சுப் போட்ட மஞ்சள் கயிறுதான். ஆடிப்பெருக்கு அன்று அதையும் மாற்றிப் புதுக் கயிறு கட்டிக்கொள்கிறோம். அதனால் எந்தக் கல்யாணம் முறிந்தது?

சங்க காலத்தில் கல்யாணத்துக்கு முன் பெண்ணின் காற்சிலம்பைக் கழற்றுவதையே ஒரு சடங்காக வைத்திருந்தார்கள். சிலம்புகழி நோன்பு என்று பெயர். கண்ணகி தன் சிலம்பைத் தானே கோவலனிடம் கொடுத்தாள் என்று எட்டாம் வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! 1934 ஜனவரியில் வடகரையில் காந்தி கலந்துகொண்ட கூட்டத்தில் கௌமுதி என்ற இளம்பெண் வளையல், சங்கிலி, தோடு என ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தாள். அவள் கையால் கழற்றினாள் என்பதால்தான் அது கொடை.

வெளிநாட்டிலும் இதற்கு முன்னோடி உண்டு. 1969ல் கார்ட்டியே நிறுவனத்துக்காக ஆல்டோ சிபுல்லோ வடிவமைத்த 'லவ்' காப்பைத் திருப்புளியால்தான் பூட்ட வேண்டும். திருப்புளி காதலன் கையில்! நம் திருகாணியைத் திருக அவளுடைய இரண்டு விரல் போதும். நம் ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில் பாறைப் பிளவின் மேல் பாலம் இருக்கிறதே, அந்தக் காலத்தில் அதைப் போடுவதும் எடுப்பதும் உள்ளே இருப்பவன் கையில் இருந்தது. வெளியே இருப்பவன் கையில் இருந்தால் அதற்குப் பெயர் கோட்டையா?

"டீச்சர், கொக்கி வைத்தால் கழன்று தொலைந்துவிடுகிறதே" என்பீர்கள். உண்மைதான், மறுக்கவில்லை. கொக்கி தேய்ந்து ஒற்றைக் கொலுசைத் தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போகப் பயந்து வகுப்பிலேயே அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதற்கு வைத்தியம் வருஷத்துக்கு ஒரு தடவை பத்தரிடம் காட்டிக் கொக்கியை மாற்றுவது. இன்னொரு சமாதானமும் சொல்கிறார்கள்: "அவசரமென்றால் சாதாரணக் கத்தரியாலேயே வெட்டிவிடலாம்." நிரந்தரம் என்று விற்றுவிட்டு, கத்தரி போதும் என்றால் என்ன அர்த்தம்? மறுபடி ஒட்ட மறுபடி கடைக்குப் போ என்று அர்த்தம். நீட் எழுதப் போகும் பிள்ளைகள் மோதிரம், வளையல், மூக்குத்தி எதுவும் போட்டுக்கொண்டு உள்ளே போக முடியாது. எம்.ஆர்.ஐ. அறையிலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள்.

தரத்தையும் பாருங்கள். நம் நாட்டில் 2021 ஜூன் 16 முதல் படிப்படியாக ஹால்மார்க் கட்டாயமானது. ஆனால் 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு விலக்கு உண்டு. இந்த நூல் சங்கிலி அந்த எடையைத் தாண்டுகிறதா என்று கேளுங்கள். 22 கேரட்டா 14 கேரட்டா, இல்லை மேலே தங்கத் தகடு போர்த்தியதா என்றும் கேளுங்கள். கையில் ஒட்டிய பிறகு எடை போடுவது எப்படி? கையோடு சேர்த்துத் தராசில் வைப்பதா?

என் அம்மாவுக்கு இருந்தது ஒரே ஒரு மூன்று பவுன் சங்கிலி. நான் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தபோது அடகுக்கடைக்குப் போனது. தம்பிக்கு ஆபரேஷன் என்றபோது போனது. கிணறு தூர் வாரப் போனது. மூன்று தடவையும் மீண்டு வந்தது. 2021ல் கூட்டுறவுச் சங்கங்களில் 5 பவுன் வரை நகைக்கடன் தள்ளுபடி என்று அரசு அறிவித்தபோது எத்தனை வீட்டில் நிம்மதி வந்தது என்று உங்களுக்கே தெரியும். அத்தனை நகையும் ஏதோ ஒரு பெண் ராத்திரியில் யோசித்து, காலையில் கொக்கியைத் தளர்த்திக் கழற்றிக் கொடுத்ததுதானே!

கழற்றாமலே போட்டிருந்தவர்களும் உண்டு. எங்கள் ஆயா நாற்பது வருஷம் மூக்குத்தியைக் கழற்றவில்லை. மனசில்லை, அவ்வளவுதான். சின்ன அத்தையின் கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, தேங்காயெண்ணெய் விட்டுத் தானே திருகி எடுத்து அத்தையின் கையில் வைத்தாள். பிடிவாதமும் அவளுடையது, கழற்றியதும் அவளே.

ஏற்கெனவே வெல்டிங் பண்ணிக்கொண்டவர்கள் பயப்பட வேண்டாம். வீக்கம் வந்தால் காத்திருக்காமல் உடனே வெட்டுங்கள், அவ்வளவுதான். ஜெர்மனித் தோழி கோபித்துக்கொள்ளவில்லை. வீடியோ காலில் மாவுக்கட்டைப் பார்த்து அழுதிருக்கிறாள். வெட்டிய சங்கிலி ஒரு மாத்திரைக் கவரில் என் மேஜை மேல் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை கடைத்தெருவுக்குப் போகும்போது பத்தரிடம் கொடுத்து ஒரு கொக்கி வைத்துத் தரச் சொல்லியிருக்கிறேன்.