‘பாப்கார்ன்’ யாருடைய இசை?

சட்டியில் சோளம் பொரிகிற மாதிரி துள்ளித் துள்ளி ஓடும் ஒரு சின்ன மெட்டு. பெயர் தெரியாதவர்கள்கூடக் கேட்டதும், “அட, இதுவா!” என்பார்கள். அதன் பெயரும் ‘பாப்கார்ன்’தான். பிரபல மெட்டுகளை சிந்தசைசரில் வாசித்து வெளியிடும் தொகுப்பு ஆல்பங்களில் அடிக்கடி தலைகாட்டும். ஆனால், இது யாருடைய இசை என்று கேட்டால், ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது.

மெட்டைப் போட்டவர் கெர்ஷன் கிங்ஸ்லி. ஜெர்மனியில் பிறந்த யூதர். நாஜிகளிடமிருந்து தப்பி, பின்னாளில் அமெரிக்காவில் குடியேறியவர். அப்போது புதுசாக வந்திருந்த ‘மூக்’ சிந்தசைசரில் இதை வாசித்து, 1969-ல் வெளியிட்டார். அப்போது அது பெரிதாகப் பேசப்படவில்லை.

1972-ல் ‘ஹாட் பட்டர்’ என்ற குழு அதே மெட்டை மறுபடி வாசித்தது. அமெரிக்கப் பட்டியலில் 9-வது இடம், பிரிட்டனில் 5-வது இடம் என உலகம் சுற்றியது பாட்டு. அந்தக் குழுவில் வாசித்த ஸ்டான் ஃப்ரீ, கிங்ஸ்லியின் இசைக்குழுவிலேயே இருந்தவர். கிங்ஸ்லியின் மெட்டு, சக கலைஞரின் கையில் ஹிட்!

இந்த வழியை ஒரு தொடராகவே செய்து காட்டியவர் நெதர்லாந்தின் எட் ஸ்டாரிங்க். 1989-ல் ‘சிந்தசைசர் கிரேட்டஸ்ட்’ என்ற தொகுப்பு வந்தது. ஜான் மிஷெல் ஜார், வான்ஜெலிஸ் போன்றவர்களின் புகழ்பெற்ற இசையைத் தன் ஸ்டுடியோவில் புதிதாக வாசித்துப் பதிவுசெய்தார் ஸ்டாரிங்க்.

அசலையே வாங்கிப் போட்டிருக்கலாமே? அங்கேதான் விஷயம். ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் உண்டு. ஒன்று மெட்டுக்கு, இன்னொன்று ஒலிப்பதிவுக்கு. மறுபடி வாசித்தால், மெட்டுக்கான ராயல்டியைக் கட்டினால் போதும். ஒலிப்பதிவின் சொந்தக்காரரிடம் போக வேண்டியதில்லை. ரீமிக்ஸ் அப்படியல்ல. பழைய பதிவையே வெட்டி ஒட்டுவதால், அதன் உரிமையாளரின் அனுமதியும் வேண்டும்.

ஆக, மெட்டு போட்டவருக்கு ராயல்டி உண்டு. வாசித்தவருக்கு? ஸ்டுடியோவுக்கு வந்து வாசித்துவிட்டுப் போகும் கலைஞர்களுக்குப் பெரும்பாலும் ஒருமுறை சம்பளம் மட்டும்தான். பாட்டு எத்தனை லட்சம் விற்றாலும் அந்தத் தொகை கூடாது. பெயரும் பின் அட்டையில் பொடி எழுத்தில் இருந்தால் உண்டு.

‘மெஷின்தானே வாசிக்கிறது’ என்று நினைத்தால் அது தப்பு. அந்தக் கால மூக்கில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் ஒலிக்கும். ஒரு சின்னப் பாட்டுக்கே, ஒவ்வொரு இழையையும் தனித்தனியாக வாசித்து அடுக்க வேண்டும். ஒலியின் நிறத்தைக் காதால் கேட்டுக் கேட்டு, குமிழ்களைத் திருகித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதில் ஒரு சுவாரஸ்யம். பின்னாளில் தன் இசையைப் பலரும் மறுபடி வாசிக்கும் அளவுக்குப் புகழ்பெற்ற ஜார், 1972-ல் வேறு பெயரில் ஒரு மெட்டை மறுபடி வாசித்துக் கொடுத்தார். எது தெரியுமா? இதே ‘பாப்கார்ன்’!

கிங்ஸ்லி 2019-ல், 97 வயதில் காலமானார். அடுத்த முறை ஒரு தொகுப்பு ஆல்பத்தைக் கேட்கும்போது, பெரிய எழுத்தோடு நின்றுவிடாதீர்கள். அந்தப் பொடி எழுத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள். உங்கள் காதில் விழுவது அவர்களின் விரல்கள்தான்.