துபாஷியைச் சோதிப்பவர் உரிமை

கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுவோர் தம் கருத்தை ஸி போன்றதொரு பாஷையில் எழுதுகிறார்கள். யந்திரமோ அந்தப் பாஷையை அறியாது. இடையில் நின்று அதை யந்திர பாஷையாக மாற்றித் தரும் துபாஷியே கம்பைலர் என்பது. துபாஷி பிழைபட்டால் எழுதியவன் குற்றமற்றவனாயிருந்தும் காரியம் கெடும். அவன் தன் எழுத்தையே திரும்பத் திரும்பப் பார்த்து வீணே வருந்துவான். பிற நிரல்களின் பிழை பெரும்பாலும் அவற்றோடு நிற்கும். கம்பைலரின் பிழையோ அதன் வழியாகப் பிறக்கும் நிரல்களிலெல்லாம் போய்ச் சேரக்கூடும். ஆகையால், இக்கருவியை விற்பனைக்கு விடுமுன் அயலார் சிலரிடம் கொடுத்துப் பரீட்சிக்கும் 'பீட்டா' என்னும் வழக்கம் சாமான்ய விஷயமன்று. அப்படிப் பரீட்சிப்பவருக்கு உரிய உரிமை யாது என்பதையே நாம் இன்று ஆராயப் புகுந்தோம்.

1975-க்குப் பின் அமெரிக்காவில் வீடுகளில் புகுந்த சிறு கம்ப்யூட்டர்களின் சரித்திரம் இதற்குத் தக்க சான்று. அவற்றில் பல இன்டெல் 8080 என்னும் செயலியால் இயங்கியவை. அது கையாளக்கூடிய ஞாபக இடம் 64 கிலோபைட்டே. ஒருவர் வீட்டு யந்திரம்போல் மற்றொருவருடையது இராது. தட்டின் அமைப்பு வேறு, திரை வேறு, ஞாபக அளவு வேறு. ஆக்கியோன் தன் அறையிலிருந்தபடியே இவையனைத்திலும் கம்பைலரைச் சோதிப்பது ஆகாத காரியம்.

1980 மே மாதத்தில் மிஸ்டர் ரான் கெயின் தாம் எழுதிய 'ஸ்மால் ஸி' கம்பைலரின் மூலநிரல் முழுவதையும் 'டாக்டர் டாப்ஸ் ஜர்னல்' பத்திரிகையில் வெளியிட்டார். அது ஸி பாஷையில் ஒரு சிறு பகுதியையே அறிந்தது. ஆயினும் தன் பாஷையிலேயே எழுதப்பட்டது. தன்னைத் தானே மொழிபெயர்க்க வல்லது. இத்தகைய கம்பைலருக்கு ஓர் எளிய பரீட்சை உண்டு. அது தன் மூலத்தை மொழிபெயர்த்து ஒரு புதிய கம்பைலரைத் தரும். அப்புதியது அதே மூலத்தை மீண்டும் மொழிபெயர்க்கும். இரண்டின் விளைவும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஆனால் தன் மூலத்தில் வாராத பிரயோகங்களை இப்பரீட்சை தொடுவதில்லை. அவற்றிலுள்ள பிழையைக் காண்பதற்குப் பிறர் வேண்டும். மூலம் கையிலிருந்தபடியால், வாசகர் பிழையைக் கண்டதோடு நில்லாமல் தாமே திருத்தவும் இடமிருந்தது. மிஸ்டர் ஜேம்ஸ் ஹெண்ட்ரிக்ஸ் பல அம்சங்களைச் சேர்த்து விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு அதே பத்திரிகையின் வாயிலாக 1982-ல் வெளிவந்தது.

மூலத்தைக் கொடுத்துவிட்டால் ஆக்கியோன் எப்படிப் பிழைப்பான் என்று சிலர் கேட்கக்கூடும். அவனுடைய கூலியை நாம் மறுக்கவில்லை. 1979-ல் மிஸ்டர் லியோர் ஸோல்மன் ஆக்கி விலைக்குக் கொடுத்த பி.டி.எஸ். ஸி என்னும் கம்பைலர் பலருக்கு உபகாரமாயிருந்தது. 2002-ல் அவரே அதன் மூலத்தைப் பொதுவுடைமையாக்கினார். இது கண்ணியமான செயல். நாம் ஆக்ஷேபிப்பது வேறொன்றை. பரீட்சிப்பவர் கண் விழித்து உழைத்துப் பிழை கண்டு எழுதியனுப்ப, அப்பிழை திருந்திற்றா என்பதைக்கூட அவருக்குத் தெரிவியாமல், திருத்திய பிரதியை அவருக்கே விலைக்கு விற்பது எவ்வகை நியாயம்? இது வெட்டி ஊழியமேயன்றி ஒத்துழைப்பன்று. அறிந்த பிழைகளின் ஜாபிதா, திருத்திய பிரதி, மூலத்தைப் பார்க்கும் உரிமை ஆகிய மூன்றும் பரீட்சிப்பவருக்கு உரியவை.

மூலத்தைக் கண்டால் மட்டும் போதாது என்பதும் உண்மையே. மூலத்தில் சுவடே இல்லாத ஒரு வஞ்சகத்தைக் கம்பைலர் தன் சந்ததிக்குக் கடத்தக்கூடும் என்று, 1984-ல் வெளியான தமது டூரிங் பரிசு உரையில் மிஸ்டர் கென் தாம்ஸன் காட்டினார். அதனால் மூலத்தை மறைக்கலாம் என்றாகாது. பலர் பல கம்பைலர்களைக் கொண்டு ஒன்றையொன்று சோதிக்க வேண்டுமென்றே ஏற்படுகிறது.

1987-ல் மிஸ்டர் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட ஜி.சி.சி. என்னும் கம்பைலர் பீட்டா நிலையிலேயே மூலத்தோடு வந்தது. இன்று சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான 'சக்தி' செயலிக்கு நிரல் ஆக்குவதற்கும் அது பயன்படுகிறது. நம்மவர் ஆக்கிய செயலிக்கு, அயலார் பூட்டி வைத்த துபாஷி ஒன்றே கதியென்றிருந்தால் அந்தச் சுதேசி முயற்சி என்னவாகியிருக்கும்? ஆதலின், நம் இளைஞர் இக்கருவிகளை இலவசமாய்க் கிடைத்தவை என்று உபயோகிப்பதோடு நில்லாமல், அவற்றைச் சோதித்துத் திருத்தும் கடமையையும் ஏற்பாராக. உரிமையைக் கோருவோர் உழைப்பையும் தருதல் வேண்டுமென்பது நமது துணிபு.