நத்தார்ப் பலகாரமும் நமது சொற்களும்

"நத்தார்" என்னும் சொல்லைத் தமிழ் வழக்கினின்று விலக்கல் வேண்டுமெனத் தமிழாசிரியர் சிலர் கூறி வருகின்றனர். சொல்லோடு நில்லாது, அப்பண்டிகைக்குரிய கேக்கையும் கொக்கிசையும் அந்நியர் விட்டுச் சென்ற எச்சமெனத் தள்ளுவாரும் உளர். தமிழ் கற்பிக்குந் தொழிலில் நெடுங்காலம் நின்ற யான் இக்கருத்துக்கு உடன்படேன்.

போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியது 1619 இல். அவர் மொழியிற் பிறப்பு விழாவைக் குறித்த "நத்தால்" நம் நாவில் "நத்தார்" ஆயிற்று. பாணும் மேசையும் அலுமாரியும் குசினியும் வந்த வழி அதுவே. திசைச்சொல்லுக்கு நன்னூலார் இடம் வகுத்திருக்க, நானூறு ஆண்டு நம்மோடு புழங்கிய சொல்லைத் துரத்துதல் எவ்விலக்கணத்தின்பாற்படும்? பாணை உண்டுகொண்டே நத்தாரைப் பழிப்பது நகைப்புக்கிடமானது.

உணவும் இத்தகையதே. ரவையும் மரமுந்திரிகைப் பருப்பும் பூசணித் தோசியும் பன்னீரும் ஏலமும் கறுவாவும் கூடிய "லவ் கேக்" இலங்கைக் குசினியிற் பிறந்த பண்டம். அம்மரமுந்திரிகைதானும் பிரேசிலினின்று போர்த்துக்கேயரால் இத்திசைக்கு வந்ததே. இன்று அதனை அந்நிய மரமென்று வெட்டுவார் இலர். கொக்கிஸ் என்பது ஒல்லாந்தச் சொல்லின் திரிபு என்பர். அதனுள் இருப்பனவோ நம் அரிசிமாவும் தேங்காய்ப்பாலும்.

அலங்காரத்தைப் பற்றியும் ஒரு சொல். பாலன் குடில் அமைக்கும் வழக்கம் இத்தாலியிலே கிரெச்சோ என்னும் சிற்றூரில் 1223 இல் பிரான்சிஸ் அசிசியாரால் சிறப்புற்றது. மனையிலுள்ள சிறுவரும் பெரியவரும் கூடி வைக்கோலும் கிடுகும் கொண்டு அதனை அமைத்தல் அழகிய செயல். ஆயின் அதன் கூரைமேற் பஞ்சைப் பரப்பிப் பனி என்பதுதான் எமக்கு உடன்பாடன்று. அப்பஞ்சு பெத்தலகேமிலிருந்து வந்ததன்று; வட ஐரோப்பியரின் வாழ்த்து மடல்களிலிருந்து வந்தது. மார்கழியில் நம் வயல்களில் நெற்பயிர் பசுமையாய் நிற்கின்றது. ஒரு சட்டியில் நெல்லை முளைக்க வைத்துக் குடிலின் முன் வைத்தால் என்ன குறை? மணவறையில் முளைப்பாலிகை கண்ட கண்ணுக்கு அஃது அந்நியமாகத் தோன்றாது.

எம்மை வருத்துவது வேறொன்று. கிறிஸ்தவ மனைகளிற் பண்டிகைக்குச் சில நாள் முன்னரே பயற்றை வறுத்து மாவாக்கி, வறுத்த தேங்காய்ப்பூவும் பாகும் சேர்த்து உருட்டி, அரிசிமாக் கரைசலில் தோய்த்துப் பயற்றம் பணியாரம் பொரிப்பர். முட்டை சேர்ந்த கேக் ஒருபுறம் இருக்க, அயலிலுள்ள சைவ வீடுகளுக்கென முட்டை படாத பணியாரமும் முறுக்கும் வேறாக எடுத்து வைப்பர். தட்டிலே கதலிப்பழத்தோடு அவற்றை அடுக்கி, வெள்ளைத் துணியால் மூடிச் சிறுவர் கையில் அனுப்புவர். அத்தட்டு வெறுமையாய் மீளாது. தைப்பொங்கலன்று மறுதட்டும் செல்லும். பிறர் நோன்பை அறிந்து அடுப்பை மூட்டிய அக்கருத்து எத்துணை உயர்ந்தது!

இன்றோ கடையிலிருந்து ஒரே அளவான பெட்டிகள் எல்லா வீட்டுக்கும் செல்கின்றன. பெட்டிக்குள் இருப்பது முட்டை சேர்ந்த கேக். சைவ வீட்டார் முகமலர்ந்து வாங்குகின்றனர். பின்னர் வேறு யாருக்கோ கொடுத்துவிடுகின்றனர். வேலைக்குச் செல்லும் பெண்டிர்க்கு நேரமில்லை என்பது மெய். அவர்மீது குறைகூற யான் துணியேன். ஆடவர் மாவை அரித்தலும் பாகு காய்ச்சலும் ஆகாதென்று எந்த நூலும் விதிக்கவில்லையே!

பணியாரம் ஒழிந்த மனையில் அதன் சொற்களும் ஒழிகின்றன. கம்பிப்பதம் யாதென வினவினால் உயர்வகுப்பு மாணாக்கரும் விழிக்கின்றனர். ஆதலின் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மார்கழி விடுமுறைக்குக் கட்டுரைத் தலைப்பு அளிக்கும்போது, "என் பொழுதுபோக்கு" என்பதை இவ்வாண்டு விடுத்து, அம்மம்மாவோடு அடுப்படியில் ஒருநாள் நின்று, அவர் வழங்கும் பாத்திரப் பெயர், பதப்பெயர், பலகாரப் பெயர் அனைத்தையும் எழுதிவரப் பணியுங்கள். மதவேறுபாடின்றி எல்லா மாணாக்கரும் எழுதட்டும்.