மறைக்க ஒன்றுமில்லாத பார்சன்ஸ்

"மறைக்க ஒன்றுமில்லாதவன் எதற்காக அஞ்ச வேண்டும்?" அரசு தன் குடிமக்களைக் கண்காணிப்பது பற்றிப் பேச்செழும்போதெல்லாம் நம் இறைமக்களுள் படித்தவர்களே இவ்வாறு கேட்கின்றனர். நேர்மையின் குரல்போல் ஒலிக்கும் இவ்வாதம் பொய்யானது என்கிறோம். ஜார்ஜ் ஆர்வெல் 1949-இல் வெளியிட்ட '1984' என்னும் புதினத்தைக் கருத்தூன்றிப் படித்தோர் இதனைச் சொல்லத் துணியார்.

அதன் கதைத்தலைவன் வின்ஸ்டனை எல்லாரும் நினைவில் வைத்திருக்கின்றனர். அண்டை வீட்டுக்காரன் பார்சன்சை மறந்துவிடுகின்றனர். பார்சன்ஸ் கட்சியின் வெள்ளந்தித் தொண்டன். நிதி திரட்டுவதா, தோரணம் கட்டுவதா, முதல் ஆளாய் நிற்பான். மறைப்பதற்கு அவனிடம் எதுவுமில்லை. மறைக்கும் அளவுக்கு அறிவுமில்லை. அவனும் ஒருநாள் சிறைக்கு வந்து சேர்கிறான். உறக்கத்தில் 'பெரிய அண்ணனுக்கு' எதிராக உளறினானாம். சாவித் துவாரத்தில் காதை வைத்துக் கேட்ட அவனுடைய ஏழு வயது மகளே மறுநாள் காவலரிடம் சொல்லிவிட்டாள். மகளை நல்லவிதமாக வளர்த்திருக்கிறோம் என்று அந்தத் தந்தை பெருமைப்படுகிறான்! இவன் எதை மறைத்தான்?

இது பொதுவுடைமை நாடுகளைப் பற்றிய கதைதானே என்று தப்பித்துக்கொள்வாரும் உளர். ஆர்வெல் இறுதிவரை சமதர்மக் கொள்கையினர். கதையை அவர் நிகழ்த்தியது இலண்டன் மாநகரில். 2013-இல் எட்வர்டு ஸ்னோடன் வெளிப்படுத்திய ஆவணங்களோ, தேர்தல் நடக்கும் அமெரிக்காவில் குடிமக்களின் தொலைபேசி அழைப்புப் பதிவுகள் பெருமளவில் திரட்டப்பட்டதைக் காட்டின.

"கடவுள் எல்லாவற்றையும் பார்க்கிறாரே, அரசும் பார்த்தால் என்ன?" என்ற பேச்சு இன்னும் மோசமானது. கதவை அடைத்துக்கொண்டு மன்றாடச் சொன்னவர் நம் ஆண்டவர். புதினத்திலோ அடைப்பதற்குக் கதவே இல்லை. வீட்டிலுள்ள தொலைத்திரையின் ஒலியைத் தணிக்கலாம், நிறுத்த முடியாது. காதலர் இருவர் திரையில்லை என்று நம்பி எடுத்த வாடகை அறையிலும் சுவர்ப்படத்தின் பின்னே ஒன்று ஒளிந்திருந்தது. அப்படம் பழைய தேவாலயம் ஒன்றின் படம் என்பது நம்மை உறுத்துகிறது.

அதனினும் உறுத்துவது, வின்ஸ்டனை வதைக்கும் ஓ'பிரையன் திருச்சபையின் பழைய விசாரணை மன்றத்தை நினைவூட்டும் இடம். அம்மன்றம் மறைசாட்சிகளை உண்டாக்கியதால் தோற்றது, தன் கட்சி அப்படித் தோற்காது என்கிறான் அவன். அப்பக்கத்தை நாம் தலைகுனிந்தே படிக்க வேண்டும். ஒருவனது உள்ளத்தை அறிவதும் அவன்மேல் அதிகாரம் செலுத்துவதும் ஒரே கையில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் திருச்சபை தன் வரலாற்றிலேயே கண்டிருக்கிறது. அதிகாரப் பொறுப்பில் உள்ளவர் ஒப்புரவு அருட்சாதனத்தில் அறிந்த பாவங்களை வெளி நிர்வாகத்திற்கு எவ்வகையிலும் பயன்படுத்தலாகாது என இன்றைய திருச்சபைச் சட்டத்தின் 984-ஆம் எண் தடுக்கிறது. ஆயருக்கே மறுக்கப்பட்ட இந்த உரிமையை அமைச்சருக்கு வழங்கலாம் என்போர், எந்த மறைக்கல்வியில் அதனைக் கற்றனர்?